நூறு காட்டிய காலை

வாழவந்தி,
9 ஜூன் 2024

அன்புள்ள மாப்பிள்ளை சிவக்குமாருக்கு,

உன் அக்கா மருதாயியைக் கட்டிய பாவத்துக்கு உனக்கு மாமனான ஐயாக்கண்ணு எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அக்காவும் தீபிகாவும் சுகம். ஓசூரில் நீயும் கீர்த்திகாவும் குழந்தையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று தலையைச் சொறிவாய். என் போனுக்கு வருகிற செய்தியெல்லாம் தீபிகா படித்த பிறகுதான் எனக்கே தெரிகிறது. இது அவளுக்குத் தெரியக்கூடாத சங்கதி. பதிலை வீட்டுக்கு அனுப்பிவிடாதே. ‘ரைட்டர் ஐயாக்கண்ணு’ என்று போட்டு நான் கணக்கெழுதும் எஸ்டேட் ஆபீஸ் விலாசத்துக்கே அனுப்பு.

தீபிகாவுக்கு சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீசியன் வேலை கிடைத்தது உனக்குத் தெரியும். காலை ஆறரைக்கு அங்கே இருக்க வேண்டும். நம் ஊர் முதல் பஸ் அந்த நேரத்துக்குத்தான் இங்கிருந்தே கிளம்புகிறது. என்னுடைய பழைய பெட்ரோல் வண்டியில் குப்பனூர் வழியாகத் தினமும் இறங்கி ஏறுகிறாள். அது பாதி மலையில் புகையைக் கக்கிக்கொண்டு நின்றுவிடுகிறது. அவளுக்குத் தெரியாமல் ஒரு எலெக்ட்ரிக் பைக் வாங்கி வாசலில் நிறுத்திவிட வேண்டும் என்று எனக்கு ஆசை.

நேற்று சேலத்தில் உங்கள் கம்பெனி ஷோரூமுக்குப் போனேன். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பைக். ஒரே கறுப்பு, ஒரே உயரம், இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒரே முகம். விலையைப் பார்த்தால் ஒன்று ஒரு லட்சத்து எண்பதாயிரம், மற்றது இரண்டு லட்சத்து அறுபத்தைந்தாயிரம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விலைச்சீட்டை மாற்றி வைத்துவிட்டார்களோ என்று அங்கிருந்த பெண்ணைக் கேட்டேன். “இல்லீங்க சார், அது பிரீமியம்ங்க” என்றாள். பிரீமியம் என்றால் என்ன என்று கேட்டதற்கு இதுவும் பிரீமியம்தான், அது இன்னும் கொஞ்சம் பிரீமியம் என்று சிரித்தாள்.

நீ அதே கம்பெனியில் வண்டி பூட்டுகிறவன். இரண்டுக்கும் இரண்டு சக்கரம்தான். அந்த எண்பத்தைந்தாயிரம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று எனக்குப் புரிகிற மாதிரி எழுது. நீ சொல்கிற வண்டியைத்தான் வாங்குவேன்.

இப்படிக்கு,
அதிர்ச்சி தீராத உன் மாமன்
ஐயாக்கண்ணு

ஓசூர்,
16 ஜூன் 2024

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

சிவக்குமாரின் வணக்கம். நாங்கள் மூவரும் நல்ல சுகம். அக்காவுக்கு முட்டிவலி குறைந்ததா? குளிரில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை கீர்த்திகாவுக்கும் படித்துக் காட்டினேன், சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இப்போது உங்கள் எண்பத்தைந்தாயிரத்துக்கு வருகிறேன்.

எலெக்ட்ரிக் வண்டியின் விலையில் பெரும்பங்கு பேட்டரிதான். பார்க்க ஒரு பெட்டி, உள்ளே விரல் பருமனில் நூற்றுக்கணக்கான செல்கள் அடுக்கியிருக்கும். பெரிய வண்டியில் செல்கள் அதிகம், தரமும் ஒரு படி மேல். ஒரு சார்ஜுக்கு ஐம்பது அறுபது கிலோமீட்டர் கூடுதலாகப் போகும். மோட்டாரில் இருக்கும் காந்தம் பெரிது. திரை பெரிது, வழி காட்டும், பாட்டுப் பாடும். ஷாக் அப்சார்பர் வெளிநாட்டுச் சரக்கு. பெயின்ட் இரண்டு பூச்சு அதிகம். உத்தரவாதம் மூன்று வருஷம் கூடுதல். முன்சக்கரத்தில் பிரேக் தட்டு ஒன்றுக்கு இரண்டு இருக்கும். இன்னும் ஏதோ மோட்டார் பிரேக் சமாச்சாரம் என்பார்கள், அது இன்ஜினியர்கள் விவகாரம், என் கைக்கு வராது.

தீபிகாவுக்கு ஒரு நாளைக்குப் போக வர அறுபது கிலோமீட்டர். அதற்கு சின்ன வண்டியே தாராளம். மலை ஏறுமா என்று பயப்பட வேண்டாம். கம்பெனிக்குள் கட்டியிருக்கிற செங்குத்து மேட்டில் நானே இரண்டையும் ஏற்றிப் பார்த்திருக்கிறேன், இரண்டும் ஆடு மாதிரி ஏறும். பாட்டுக்கும் பெயின்ட்டுக்கும் எதற்குக் காசு? சின்னதே போதும் மாமா, நான் சொல்கிறேன். மிச்சத்தில் பிள்ளைக்கு நல்ல ஹெல்மெட் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

அக்காவுக்கும் தீபிகாவுக்கும் என் அன்பு.

உங்கள்
சிவக்குமார்

வாழவந்தி,
30 ஜூன் 2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மூவரும் நலம். மழை பிடித்துக்கொண்டதால் எனக்கு மட்டும் இருமல். உன் வீட்டில் எல்லோரும் நலம்தானே?

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போனேன். அந்தப் பெண் பெரிய வண்டியைக் காட்ட வாயைத் திறக்கும்போதெல்லாம் உன் கடிதத்திலிருந்து ஒரு வரி வாசித்தேன். கடைசியில் அவளே சின்ன வண்டிக்கு ரசீது போட்டுவிட்டாள். கடிதத்தை சீட்டுக்குக் கீழே இருக்கும் பெட்டியில் உத்தரவாத அட்டையோடு வைத்திருக்கிறேன். கம்பெனி கொடுத்த புத்தகம் யாருக்குப் புரிகிறது?

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் நிறுத்திவிட்டு தீபிகாவைக் கூப்பிட்டேன். வண்டியைச் சுற்றி மூன்று முறை வந்தாள். அப்புறம், “ஏனுங்கப்பா, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லீங்க?” என்றாள். சந்தோஷத்தில் அப்படித்தான் வரும் என்று விட்டுவிட்டேன். உன் அக்காதான், “நொம்ப நல்லாருக்குது. ஊட்டுக் கூரை ஒழுவுது, வாசல்ல லட்ச ரூவா நிக்குது” என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் அவளே பின்னால் உட்கார்ந்து ஏற்காடு சந்தைக்குப் போய் வந்தாள்.

இறக்கத்தில் சாவியை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன். மலைக்காரனுக்கு இறங்க எதற்குப் பெட்ரோல், எதற்குக் கரன்ட்? உனக்குத் தெரியாததா, நீ சின்ன வயதில் செய்யாததா?

ஒரே குறை. ராத்திரியில் கரன்ட் நிலையாக இருப்பதில்லை. காலையில் பார்த்தால் திரையில் எண்பது, எண்பத்தைந்து. நூறு என்ற எண்ணை இன்றுவரை நான் பார்க்கவில்லை. இவ்வளவு கொடுத்து வாங்கிய வண்டி முக்கால் வயிற்றோடு போவதா? எஸ்டேட் ஸ்டோருக்கு ஜெனரேட்டரோடு தனி லைன் இருக்கிறது. மேனேஜரைக் கேட்டு வைத்திருக்கிறேன். நூறு பார்க்காமல் ஓயமாட்டேன்.

அன்புடன்,
ஐயாக்கண்ணு

ஓசூர்,
14 ஜூலை 2024

மாமாவுக்கு வணக்கம்.

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் இருமலுக்கு மிளகுக் கஷாயம் போதாது, டாக்டரைப் பாருங்கள்.

ஒரு நல்ல செய்தி. என்னை அசெம்பிளியிலிருந்து மாற்றி, பழுதாகித் திரும்பி வரும் வண்டிகளைப் பரிசோதிக்கிற பிரிவில் போட்டிருக்கிறார்கள். அறிக்கையில் என் கையெழுத்தும் இருக்கும். டிசம்பரில் நிரந்தரம் செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்பது வருஷமாக கான்ட்ராக்டில் கிடந்தவனுக்கு இது எவ்வளவு பெரிது என்று உங்களுக்குத் தெரியும்.

சாவியை அணைத்து இறங்குவதைப் படித்ததும் எனக்குப் பழைய ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். கரடியூரிலிருந்து அப்பாவின் வண்டியை அணைத்து உருட்டிக்கொண்டே வந்து, வீட்டு வாசலில்தான் பிரேக் பிடிப்பேன். அப்பாவிடம் வாங்கிய அடியும் ஞாபகம் வந்தது.

நூறு பார்த்ததும் எனக்கு எழுதுங்கள்.

உங்கள்
சிவக்குமார்

வாழவந்தி,
25 ஆகஸ்ட் 2024

மாப்பிள்ளைக்கு,

எல்லோரும் நலம். அங்கே நலம்தானே.

நூறு பார்த்துவிட்டேன். வண்டி நன்றாக ஓடுகிறது. தீபிகா வேலைக்குப் போய் வருகிறாள். போனில் பேசும்போது வண்டிப் பேச்சை எடுக்காதே, உன் அக்காவுக்குக் கோபம் வருகிறது.

ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன். மோட்டார் பிரேக் என்று எழுதியிருந்தாயே, அது என்ன? அவசரமில்லை. டிசம்பர் வரை உன் வேலையைக் கவனமாகப் பார்.

ஐயாக்கண்ணு

ஓசூர்,
3 செப்டம்பர் 2024

மாமாவுக்கு வணக்கம்.

நாங்கள் சுகம். உங்கள் கடிதம் எட்டே வரி. என்னைக் கிண்டல் செய்து ஒரு வரிகூட இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

நீங்கள் கேட்டதை எங்கள் பிரிவு இன்ஜினியர் பென்னி சாரிடம் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கடிதம் நீளமாக இருக்கும், பொறுமையாகப் படியுங்கள்.

எலெக்ட்ரிக் வண்டியில் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டால் மோட்டார் டைனமோவாக மாறிவிடுமாம். அது சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும், அதிலிருந்து வருகிற கரன்ட் பேட்டரிக்குப் போகும். இதுதான் மோட்டார் பிரேக். இறக்கத்தில் பாதி பாரத்தை அதுவே தாங்குகிறது. ஆனால் பேட்டரி ஏற்கெனவே நிறைந்திருந்தால் அந்தக் கரன்ட் எங்கே போகும்? நிறைந்த குடத்தில் தண்ணீர் ஊற்ற முடியாது. அதனால் சின்ன வண்டி மோட்டார் பிரேக்கைச் சத்தமில்லாமல் நிறுத்திவிடும். அதற்குப் பிறகு பெரும்பாரமும் முன்சக்கரத்தின் அந்த ஒற்றைத் தட்டின் மேல்.

பெரிய வண்டியில், மிஞ்சுகிற கரன்ட்டைச் சூடாக்கிக் கழித்துவிட ஒரு தனிப் பாகம் இருக்கிறது. தட்டு சூடேறினால் எச்சரிக்கும். வாங்கும்போதே உங்கள் வீடு மலை மேலா என்று திரையில் கேட்கும். ஆமாம் என்றால் எண்பத்தைந்தோடு சார்ஜை அதுவே நிறுத்திக்கொள்ளும். எண்பத்தைந்தாயிரத்தில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது மாமா. நான் பாட்டிலும் பெயின்ட்டிலும் தேடிக்கொண்டிருந்தேன்.

சமவெளிக்காரர்கள் கீழே சார்ஜ் போட்டு மேலே ஏறுவார்கள், இறங்கும்போது பேட்டரி காலியாக இருக்கும், அதனால் சின்ன வண்டியிலும் பிரச்சினை வராது என்றார் பென்னி சார். நமக்கு எல்லாம் தலைகீழ். மலையிலே பிறந்து வளர்ந்த நான் வண்டி ஏறுமா என்று மட்டும் யோசித்தேனே, இறங்குவதை நினைக்கவில்லையே என்று வெட்கமாக இருக்கிறது.

இனி எண்பதுக்கு மேல் சார்ஜ் ஏற்ற வேண்டாம். சாவியையும் அணைக்க வேண்டாம், அணைத்தால் மோட்டார் பிரேக் அடியோடு கிடையாது. கடிதம் வந்து சேரும் வரை பொறுக்க முடியாமல் தீபிகாவுக்கே போன் செய்தேன். “டூட்டியில இருக்கறனுங்க மாமா” என்று சிரித்தாள். நீங்கள் வேண்டாம் என்று எழுதியும் வண்டிப் பேச்சை எடுத்தேன். எண்பதுக்கு மேல் ஏற்றாதே கண்ணு என்றேன். எத்தனைக்கு மேல் என்று திருப்பிக் கேட்டாள். அப்புறம், “சரிங்க மாமா, ஏத்தறதில்லீங்க” என்றாள். இப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

என் தவறான யோசனைக்கு மன்னித்துவிடுங்கள்.

உங்கள்
சிவக்குமார்

வாழவந்தி,
15 செப்டம்பர் 2024

மாப்பிள்ளைக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். நீ சொன்னபடியே எண்பதில் நிறுத்துகிறோம். மன்னிப்பெல்லாம் எதற்கு? நீ மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே.

ஐயாக்கண்ணு

ஓசூர்,
11 நவம்பர் 2024

மாமா,

இந்தக் கடிதத்தில் சுகம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை சேலத்திலிருந்து ஒரு சின்ன வண்டி என் மேஜைக்கு வந்தது. எங்களிடம் வரும்போது நம்பர் பிளேட்டும் சொந்தக்காரர் பெயரும் இருக்காது, ஒரு வரிசை எண் மட்டும் இருக்கும். முன்பக்கம் நசுங்கியிருந்தது. பிரேக் தட்டு சூட்டில் நீலம் பாய்ந்து வளைந்திருந்தது. கூட ஒரு குறிப்பு: ‘மலைப்பாதை. சாவியை அணைத்துவிட்டு இறங்கியதாக வீட்டார் கூறினர்.’

நான் அதிகம் யோசிக்கவில்லை. நம் மலைக்காரர் யாரோ, நம் ஊர் வழக்கம்தான் என்று நினைத்தேன். ‘ஓட்டியவர் தவறு’ என்று எழுதினேன். படிவத்தில் ‘ஓட்டியவர் சொன்னது’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் ஒரு கோடு போட்டேன். கையெழுத்தும் போட்டேன்.

சீட்டுப் பெட்டியின் சாவி வரவில்லை. இன்று காலை பூட்டை உடைத்தோம். உள்ளே ஒரு துடைக்கும் துணி, உத்தரவாத அட்டை, ஒரு கடிதம். என் கையெழுத்து, மாமா. ‘சின்னதே போதும் மாமா, நான் சொல்கிறேன்’ என்ற வரிக்குக் கீழே நீங்கள் சிவப்பு மையில் கோடு இழுத்திருந்தீர்கள்.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பென்னி சார் தண்ணீர் கொடுத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

போனை நாலு தடவை எடுத்தேன். தீபிகாவைக் கூப்பிட விரல் வரவில்லை. அவள் மறுபடியும் சிரித்துக்கொண்டு டூட்டியில் இருக்கிறேன் என்று சொன்னால் என்னால் தாங்க முடியாது. அக்காவிடம் கேட்கவும் பயமாக இருக்கிறது. யார் ஓட்டியது? எப்போது? யாருக்கு என்ன ஆயிற்று? என்னிடம் ஏன் மறைத்தீர்கள்? நான் கையெழுத்துப் போட்டது யார் மேல்?

எழுதுங்கள். எதுவாக இருந்தாலும் எழுதுங்கள்.

சிவக்குமார்

வாழவந்தி,
17 நவம்பர் 2024

மாப்பிள்ளை,

தீபிகா உயிரோடு இருக்கிறாள். முதலில் அதைப் படித்துவிடு.

ஆகஸ்ட் ஆறாம் தேதி. முந்தின நாள்தான் எஸ்டேட் ஸ்டோர் லைனில் சார்ஜ் போட மேனேஜர் சம்மதித்தார். காலையில் திரையில் நூறு. உன் அக்காவைக் கூட்டி வந்து காட்டினேன். அவ்வளவு பெருமை எனக்கு. ஐந்தே முக்காலுக்குப் பிள்ளை கிளம்பினாள். நான் மஸ்டரில் ஆள் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது பால் வண்டிக்காரர் மாரியப்பன் ஓடி வந்தார். குப்பனூர் இறக்கத்தில் மூன்றாவது வளைவில் தடுப்புச் சுவரில் மோதிக் கிடக்கிறாள் என்றார். கையில் இருந்த பேனாவோடு ஓடினேன்.

வலது தொடை எலும்பு இரண்டாகிவிட்டது. பிளேட் வைத்து மூட்டியிருக்கிறார்கள். இப்போது வாக்கர் பிடித்து வாசல் வரை வருகிறாள். ஆஸ்பத்திரியில் அவள் இடத்துக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்கள். நீ போன் செய்யும்போதெல்லாம் கட்டிலில் படுத்துக்கொண்டுதான் டூட்டி என்று சொன்னாள். நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். உன் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து வாயில் முந்தானையை வைத்துக்கொள்வாள்.

உனக்கு டிசம்பர் வருகிறது. சொந்தக் கம்பெனி வண்டி மேல் சொந்த அக்கா வீட்டிலிருந்தே புகார் என்றால் உன்னை நிரந்தரம் செய்வார்களா? அதனால்தான் மறைத்தேன். இன்னொன்றும் உண்டு. சேலம் ஷோரூமில் விசாரித்தபோது சாவி அணைத்திருந்தது என்று சொன்னது நான்தான். அணைக்கச் சொல்லிக் கொடுத்தவன் நான், அப்படித்தான் செய்திருப்பாள் என்று நினைத்தேன். தீபிகாவிடம் நான் கேட்கவில்லை. கேட்டால், நீங்கள் சொன்னதைத்தானே செய்தேன் என்பாள். அதைக் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை, மாப்பிள்ளை. மூன்று மாதமாக அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

நூறு வேண்டும் என்று அலைந்தவன் நான். நீ போட்ட கையெழுத்து அப்படியே இருக்கட்டும். குற்றம் என் வீட்டோடு போகட்டும்.

ஐயாக்கண்ணு

வாழவந்தி,
23 நவம்பர் 2024

மாமாவுக்கு,

தீபிகா எழுதுவது. கால் வலி குறைந்திருக்கிறது, படியேற மட்டும் ஆள் வேண்டும். அத்தையும் தம்பியும் நலம்தானே?

அப்பா உங்களுக்குப் பதில் எழுதிய அன்று சாயங்காலம் எஸ்டேட் ஆபீஸ் மேஜையிலிருந்த உங்கள் கடிதங்களை எல்லாம் கொண்டுவந்து என் கட்டிலில் வைத்தார். தான் எழுதியதையும் வாயாலேயே சொன்னார். “படி சாமி” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படித்தேன். விழுந்த அன்றுகூட எனக்கு இப்படித் திக்கென்று இருக்கவில்லை. நான் ஓட்டுகிற வண்டியைப் பற்றி ஜூன் மாதத்திலிருந்து இரண்டு பேர் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு கடிதத்தில்கூட எனக்கென்று ஒரு கேள்வி இல்லை.

நான் சாவியை அணைக்கவில்லை, மாமா.

முதல் நாள் அப்பா சொன்னதற்காக முதல் வளைவுக்கு முன்னால் அணைத்துப் பார்த்தேன். வண்டி கையை விட்டு ஓடியது. உடனே போட்டுவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு நாளும் அணைத்ததில்லை. அப்பாவிடம் சரிங்கப்பா என்று தலையாட்டியதோடு சரி. ஆக்சிலேட்டரை விட்டால் வண்டி தானாகவே பின்னால் இழுத்துப் பிடிக்கிறது என்று நானே கண்டுபிடித்தேன். அதற்குப் பெயர் மோட்டார் பிரேக் என்று தெரியாது. தினமும் அதை நம்பித்தான் இறங்கினேன்.

ஆறாம் தேதி அது இல்லை. ஆக்சிலேட்டரை விட்டேன், வண்டி வேகமெடுத்தது. சாவி போட்டுத்தான் இருந்தது, திரையில் நூறு என்று பச்சையில் எரிந்துகொண்டிருந்தது. இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டே இரண்டு வளைவு தாண்டினேன். கருகின வாடை வந்தது. மூன்றாவது வளைவில் அழுத்திய பிரேக் லிவர் கைப்பிடியோடே ஒட்டிவிட்டது, ஒன்றும் பிடிக்கவில்லை. பள்ளத்துக்குப் போகாமல் சுவரில் கொண்டுபோய் மோதினது நான். அது தானாக நடந்தது இல்லை.

என்னை ஷோரூமுக்குக் கூட்டிப் போயிருந்தால் ஒரே ஒரு கேள்வி கேட்டிருப்பேன்: இறங்கும்போது எது பிடிக்கும்? ஏன் இதற்கு விலை அதிகம் என்று கடையில் இருந்த அந்த அக்கா அப்போதாவது யாரையாவது கேட்டுச் சொல்லியிருப்பார்கள். விடிந்தும் விடியாமல் அந்த மலையை இறங்குகிறவளுக்கு வேறு என்ன கேட்கத் தோன்றும்?

அப்பா மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரிடம் சாவி அணைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். வெகு நேரம் அழுதார். நானும் உங்களிடம் மூன்று மாதம் பொய் சொன்னேன், அது தப்புதான். ஆனால் உங்கள் மேல் கோபம் இருக்கிறது. சின்ன வண்டி போதும் என்று எழுதியதற்கு இல்லை. அந்தக் கட்டத்தில் கோடு போட்டீர்களே, அதற்கு. ஓட்டியது நான் என்று தெரியாமல் போட்டீர்கள் என்பது எனக்குச் சமாதானமாக இல்லை. ஓட்டியது வேறு யாராக இருந்தாலும், அவளிடமும் ஒரு வார்த்தை கேட்காமல்தானே எழுதியிருப்பீர்கள்?

பதிலை எஸ்டேட் ஆபீஸுக்கு அனுப்ப வேண்டாம். வீட்டு விலாசத்துக்கு, என் பெயருக்கு அனுப்புங்கள்.

தீபிகா

ஓசூர்,
2 டிசம்பர் 2024

அன்புள்ள தீபிகாவுக்கு,

உனக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. உன் கால் எப்படி இருக்கிறது என்று இந்த முறை உன்னிடமே கேட்கிறேன். இங்கே அத்தையும் தம்பியும் சுகம்.

உன் கடிதம் வந்த அன்றே பென்னி சாரிடம் சொல்லி உன் வண்டியின் மின்பலகையைக் கழற்றி அதில் பதிவாகியிருந்ததை எடுத்துப் பார்த்தோம். அவர் ஒவ்வொன்றாக வாசித்தார். ஆகஸ்ட் ஆறு, காலை ஐந்து ஐம்பத்தெட்டு. சாவி: போட்ட நிலை. சார்ஜ்: நூறு. மோட்டார் பிரேக்: பூஜ்யம். இரண்டு பிரேக்கும் பிடித்தபடியே இருந்த நேரம் நாலு நிமிஷம் பத்து வினாடி. நாலு நிமிஷம் நீ அதைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாய் என்று தெரிந்ததும் அந்த வரியை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னேன். இதெல்லாம் நான் கையெழுத்துப் போட்ட அன்றும் அந்தப் பலகையில் இருந்தது. குறிப்பில் எழுதியிருந்ததே போதும் என்று நான் பார்க்கவில்லை.

பழைய அறிக்கையைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். மலை மேல் வீடு இருக்கிறவர்களுக்குச் சின்ன வண்டியில் எந்த எச்சரிக்கையும் இல்லை என்று புதிதாக ஒன்று எழுதியிருக்கிறேன். பென்னி சாரும் கையெழுத்துப் போட்டார். பிரிவுத் தலைவர் கூப்பிட்டு, டிசம்பர் பட்டியல் இன்னும் வெளிவரவில்லை, ஒரு முறை யோசித்துக்கொள் என்றார். யோசித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். நிரந்தரம் என்ன ஆகும் என்று தெரியவில்லை. அப்பாவிடம் இதைச் சொல்லிக் கலங்க வைக்காதே என்று எழுத வந்தேன், அடித்துவிட்டேன். சொல்லிவிடு. ஒளித்தது போதும்.

புதிய அறிக்கையின் படிவம் இத்துடன் இருக்கிறது. எல்லாக் கட்டங்களையும் நிரப்பி, என் கையெழுத்தையும் போட்டிருக்கிறேன். ‘ஓட்டியவர் சொன்னது’ என்ற கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. அதை நீ எழுது. எனக்கு எழுதியது மாதிரியே எழுது. இடம் போதாவிட்டால் பின்பக்கத்திலும் எழுது.

உன் மாமா
சிவக்குமார்